பழைய விளையாட்டும் புதிய பொறியும்

சிறுவர் மணலில் வீடு கட்டுவர், வாய்க்கால் வெட்டுவர், கொட்டாங்கச்சியில் சோறு சமைப்பர். அவ்வீட்டில் எவரும் குடியேறுவதில்லை. அச்சோற்றை எவரும் உண்பதில்லை. ஆயினும் அவ்விளையாட்டு வீண்போவதன்று. நாளை மெய்யாகச் செய்யவேண்டிய தொழிலை இன்று பாவனையாகச் செய்து பழகுவதே அதன் பயன். சிறுமியர் இழைத்த மணல்வீட்டைச் 'சிற்றில்' என்று அழகிய பெயரிட்டு வழங்கின பழந்தமிழ் நூல்கள். மணற்பரப்பில் நிகழ்ந்த அப்பாவனை இக்காலத்தில் கணிப்பொறியின் திரையிலும் நிகழ்கின்றது. விமானம் ஓட்டுதல், புகைவண்டி நடத்துதல், பயிர் செய்தல், நகர் அமைத்தல் முதலிய தொழில்களைத் திரையில் போலச் செய்துகாட்டும் விளையாட்டுகளைப் பாவனை விளையாட்டுகள் என்பர்.

அவற்றுள் புகழ் மிக்கது 'சிம்சிட்டி' என்பது. அதனை ஆக்கியவர் அமெரிக்க நாட்டினராகிய வில் ரைட். அவர் 1984ஆம் ஆண்டில் ஒரு போர் விளையாட்டை இயற்றினார். ஹெலிகாப்டரில் பறந்து சென்று, தீவுகளிலுள்ள ஆலைகளைக் குண்டு வீசி அழித்தலே அதன் போக்கு. அதனை இயற்றுங்கால் அவர் ஒன்று கண்டார். தீவுகளை அழிப்பதைவிட, அத்தீவுகளில் சாலையும் கட்டடமும் அமைப்பதே அவர் உள்ளத்திற்கு உவகை தந்தது. அழித்தலில் இல்லாத சுவை ஆக்கலில் இருக்கக் கண்ட அவர், நகரமைப்பு நூல்களைத் தேடிக் கற்றார். நகரங்களின் வளர்ச்சியையும் தளர்ச்சியையும் கணக்கியல் வழியால் ஆராய்ந்து, பேராசிரியர் ஜே பாரெஸ்டர் 1969ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலும் அவருக்குத் துணைபுரிந்தது.

விளையாட்டு உருவாகியது. ஆனால் அதனை வெளியிட முன்வருவார் இலர். வெற்றியும் தோல்வியும் இல்லாத ஒன்றை விளையாட்டு என்று யார் வாங்குவர் என வெளியீட்டாளர் தயங்கினர். பின்னர் ஜெஃப் பிரௌன் என்பாருடன் கூடி, 1987ஆம் ஆண்டில் 'மேக்சிஸ்' என்னும் நிறுவனத்தை ரைட் நிறுவினார். 1989ஆம் ஆண்டில் சிம்சிட்டி வெளிவந்தது, உலகெங்கும் பரவியது.

இவ்விளையாட்டில் ஆடுபவரே நகரத்தின் தலைவர். வெற்றுநிலத்தைக் குடியிருப்பு, வாணிகம், தொழில் என மூன்றாகப் பகுத்தல் அவர் கடமை. மின்சாரம் தருதலும் சாலை போடுதலும் அவர் பொறுப்பு. வரியை மிக உயர்த்தினால் மக்கள் வெளியேறுவர். மிகக் குறைத்தால் கருவூலம் வறளும். ஆலையின் அருகே வீடுகளை அமைத்தால் புகையால் அவ்விடத்தின் மதிப்புக் குறையும். ஒன்றைத் தொட்டால் மற்றொன்று அசையும் என்னும் உண்மையை எந்த ஆசிரியரும் சொல்லாமலே ஆடுபவர் உணர்ந்துகொள்வர். இவ்வரிசையில் 1993, 1999, 2003 ஆகிய ஆண்டுகளில் மேலும் மூன்று விளையாட்டுகள் தோன்றின. இறுதியாகக் குறித்தது 'சிம்சிட்டி 4' எனப்படும். அது தோன்றி இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அதனை விரும்பி ஆடுவோர் உளர்.

இத்தகைய பழைய விளையாட்டை இல்லத்திலுள்ள கணிப்பொறியில் ஆட இயலுமா? சிறிய வினாவே, ஆயினும் இதற்கு விடை காணாமல் பொருளை இழப்போர் பலர். சிலர் விளையாட்டை வாங்கி, அது இயங்காமை கண்டு வருந்துவர். சிலர் தேவையின்றிப் புதுப்பொறி வாங்கிக் கடன்படுவர். விடை காணும் வழியோ கடினமானதன்று. வலிமை பொருந்துமா, காலம் பொருந்துமா என்னும் இரண்டையும் முறையே ஆராய்ந்தால் போதும்.

முதற்கண் வலிமையைக் காண்போர் நான்கு உறுப்புகளை நோக்குதல் வேண்டும். ஒன்று, கணக்கிடும் மூளையாகிய நுண்செயலி. இரண்டு, ராம் எனப்படும் நினைவகம். மூன்று, கோப்புகளைச் சேமிக்கும் வன்தட்டு. நான்கு, திரையில் படம் வரையும் கிராபிக்ஸ் கார்டு. நினைவகத்தை எழுதும் மேசைக்கும், வன்தட்டைப் புத்தக அலமாரிக்கும் ஒப்பிடலாம். அலமாரியில் ஆயிரம் நூல் இருக்கலாம். மேசையில் விரித்து வைத்தவற்றையே ஒரு நேரத்தில் படிக்க இயலும். மேசை சிறிதாயின் நூல்களை எடுப்பதும் வைப்பதுமாகவே பொழுது கழியும்.

விளையாட்டின் உறையின்மேல், அஃது இயங்குவதற்கு வேண்டிய வலிமை எழுதப்பட்டிருக்கும். பெரும்பாலும் அஃது இரண்டு பட்டியலாக இருக்கும். ஒன்று குறைந்த அளவுத் தேவை. மற்றொன்று பரிந்துரைக்கப்படும் தேவை. முன்னது வாயிலுக்குள் நுழைய விடும் அளவு. பின்னது அமர்ந்து விருந்துண்ண விடும் அளவு. முன்னதை மட்டும் நோக்கி மகிழ்வோர், விளையாட்டு தொடங்கிய பின்னர் நத்தைபோல் நகர்வதைக் கண்டு நொந்துகொள்வர்.

ஓர் இல்லத்தில் நிகழ்ந்ததை இவ்விடத்தில் எண்ணிப் பார்த்தல் தகும். அவ்வில்லத்தின் தலைவர் தையற்காரர். தம் தொழிற்கணக்கிற்காகப் பிறர் பயன்படுத்திய கணிப்பொறி ஒன்றை அவர் வாங்கியிருந்தார். அவருடைய மகள் பத்தாம் வகுப்பில் பயின்றாள். உறவினர் ஒருவர் சிம்சிட்டி 4 விளையாட்டின் பழைய குறுந்தட்டை அவளுக்குப் பரிசாக அளித்தார். அதனைப் பொறியில் இட்டாள், விளையாட்டு தொடங்கவில்லை. அண்மையிலிருந்த கணிப்பொறிக் கடைக்காரரை வினவினர். "இப்பொறியின் வலிமை போதாது, புதிது வாங்குவதே வழி" என்றார் அவர். மகளின் மேற்படிப்பிற்கெனச் சிறுகச் சிறுகச் சேர்த்த தொகை தந்தையிடம் இருந்தது. மகளின் வாட்டம் கண்ட அவர், அத்தொகையில் கைவைக்கவும் ஒருப்பட்டார். மகளோ அதற்கு இசையவில்லை.

"அப்பா, வலிமை போதுமா போதாதா என்பதை நாமே பார்த்தறிய வழி இருக்கிறதே; பாராமலே பணம் கொடுப்பானேன்?" என்றாள்.

"நன்று சொன்னாய், அம்மா. அளவெடுக்காமல் துணியை வெட்டுவது என் தொழிலிலும் இல்லை. நீயே அளந்து சொல்" என்றார் தந்தை.

மகள் உறையின்மேல் எழுதியதைப் படித்தாள். 500 மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ள பென்டியம் 3 நுண்செயலி, 128 மெகாபைட் நினைவகம், வன்தட்டில் 1 கிகாபைட் வெற்றிடம், 32 மெகாபைட் நினைவுள்ள கிராபிக்ஸ் கார்டு ஆகியவை குறைந்த அளவுத் தேவைகள். பின்னர்ப் பொறியை அளந்தாள். விண்டோஸில் 'செட்டிங்ஸ்' என்பதைத் திறந்து, 'சிஸ்டம்' என்னும் பகுதியில் 'அபவுட்' என்பதை நோக்கினால் நுண்செயலியும் நினைவகமும் விளங்கும். 'டிஎக்ஸ்டயாக்' என்னும் கட்டளையைத் தட்டெழுதினால் கிராபிக்ஸ் கார்டின் இயல்பு தெரியும். அவள் இரண்டையும் செய்தாள். நினைவகம் 4 கிகாபைட்; அதாவது 4096 மெகாபைட். வேண்டியதைப்போல் 32 மடங்கு! நுண்செயலியின் வேகம் 2400 மெகாஹெர்ட்ஸ். வேண்டியதைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு. ஒரு துடிப்பில் செய்து முடிக்கும் வேலையும் பிற்கால நுண்செயலிக்கு மிகுதியாதலால், மெய்யான வேகம் அதனினும் பெரிது. வன்தட்டிலும் இடம் நிரம்ப இருந்தது. வலிமையில் குறையில்லை என்பது தெளிவாயிற்று. பின்னர் ஏன் இயங்கவில்லை?

அதிகார வைப்பில் 'வலியறிதல்' என்பதை அடுத்துக் 'காலமறிதல்' என்பதை அமைத்தார் திருவள்ளுவர். வலிமை மட்டும் போதாது. காலமும் பொருந்தவேண்டும் என்னும் உண்மை அவ்வைப்பு முறையிலேயே விளங்குகின்றது. பழைய விளையாட்டைப் பொறுத்தவரையில் அவ்வுண்மை முற்றிலும் பொருந்தும். புதிய விளையாட்டுகள் பொறியின் வலிமைக் குறைவால் இயங்காமல் போகும். பழைய விளையாட்டுகளோ, பொறி காலத்தால் மாறுபட்டமையால் இயங்காமல் போகும். இவ்வேறுபாட்டை அறியாதோர் இரண்டிற்கும் ஒரே மருந்து தேடுவர்.

காலத்தால் விளையும் இடர்கள் பலவகைப்படும். வேகம் மிகுதலே ஓர் இடராதல் வியப்பன்றோ? 1981ஆம் ஆண்டில் வெளிவந்த ஐ.பி.எம். கணிப்பொறியின் வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். அக்கால விளையாட்டுகள் சில, அவ்வேகத்தையே காலக்கோலாகக் கொண்டு எழுதப்பட்டன. வேகமான பொறிகள் வந்ததும், அவ்விளையாட்டுகளில் உருவங்கள் கண்ணுக்குப் புலனாகாமல் பாய்ந்தோடின. அதனால் பொறியின் முகப்பில் 'டர்போ' என்றொரு பொத்தானை வைத்தனர். அதனை அழுத்தி, வேகத்தைக் குறைத்துக்கொண்டு பழைய விளையாட்டுகளை ஆடினர். வளர்ந்தவன் குழந்தையின் கைபிடித்து மெல்ல நடப்பது போன்றது அது.

இயங்குதளத்தின் மாற்றம் மற்றோர் இடர். தொடக்கக்கால விளையாட்டு நிரல்கள் 16 பிட் என்னும் முறையில் எழுதப்பட்டன. பின்னர் 32 பிட் முறை வந்தது. அதன்பின் 64 பிட் முறை வந்தது. 64 பிட் விண்டோஸ், 32 பிட் நிரலை ஏற்கும்; 16 பிட் நிரலை ஏற்காது. 2021ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் 11, 64 பிட் வடிவில் மட்டுமே உள்ளது. 1990க்குப் பின் வந்த விளையாட்டுகள் சிலவற்றில் விளையாட்டு 32 பிட்டாக இருந்தும், அதனைப் பொறியில் நிறுவும் சிறு நிரல் 16 பிட்டாக அமைந்துவிட்டது. வீட்டிற்குள் இடமிருந்தும் கதவு திறவாத நிலை அது.

பூட்டு மூன்றாவது இடர். குறுந்தட்டுகளைப் பிறர் களவாகப் படியெடுக்காதிருக்கும் பொருட்டு, 'சேஃப்டிஸ்க்' என்னும் பூட்டு முறையைப் பல நிறுவனங்கள் கையாண்டன. அப்பூட்டைத் திறக்கும் நிரலில் பாதுகாப்புக் குறை இருந்தமையால், 2015ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் 10 அதனை ஏற்காது விலக்கியது. கள்வரைத் தடுக்கவெனச் செய்த பூட்டு, காலம் மாறியதும் உரியவரையே வெளியில் நிறுத்தியது. தையற்காரர் இல்லத்தில் நிகழ்ந்ததும் இதுவே. பொறியின்மேல் குற்றமில்லை, மகளின்மேலும் குற்றமில்லை, குறுந்தட்டின் பூட்டே தடையாயிற்று.

நோயின் காரணம் தெரிந்தபின் மருந்து தேடுதல் அரிதன்று. அதே விளையாட்டின் பதிப்பு, அப்பூட்டு நீக்கப்பெற்று, இணையத்தின் வழியே சிறு விலைக்கு விற்கப்படுவதை மகள் அறிந்தாள். தந்தையின் இசைவு பெற்று அதனை வாங்கினாள். விளையாட்டு இயங்கியது. சேர்த்துவைத்த தொகை சேர்த்துவைத்த இடத்திலேயே இருந்தது. நண்பர் சிலர், விலையின்றிக் கிடைக்கும் களவுப்படி உண்டென்று முன்னரே கூறியிருந்தனர். அதனை அவள் நாடவில்லை. களவுப்படிகளோடு பொறிக்குக் கேடு செய்யும் நிரல்களும் ஒளிந்து வருதல் உண்டு. கேடு வராவிடினும் களவு களவேயன்றோ?

நகரம் வளர வளர ஒரு புதுமை தோன்றியது. விளையாட்டு அவ்வப்போது நின்று நின்று ஓடியது. இதற்கும் காலமே காரணம். சிம்சிட்டி 4 தோன்றிய 2003ஆம் ஆண்டில் இல்லக் கணிப்பொறியின் நுண்செயலிக்கு ஒரே கருவே இருந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட கருக்களையுடையவை 2005ஆம் ஆண்டளவில்தான் இல்லங்களுக்கு வந்தன. ஆதலால் வேலையைப் பல கருக்களுக்குப் பகிர்ந்தளிக்கும் முறையை அவ்விளையாட்டு அறியாது. நான்கு எருதுகள் இருந்தும் ஓர் எருதையே ஏரில் பூட்டத் தெரிந்த உழவனை அஃது ஒக்கும். விளையாட்டைத் தொடங்கும் கட்டளையிலேயே, 'ஒரு கருவை மட்டும் கொள்க' என்று குறிப்பிட்டால் தடுமாற்றம் பெரிதும் நீங்கும். அன்றியும், அவ்விளையாட்டு தன்னுள் கிராபிக்ஸ் கார்டுகளின் பட்டியல் ஒன்றை வைத்துள்ளது. தனக்குப்பின் பிறந்த கார்டுகளின் பெயர் அப்பட்டியலில் இல்லாமையால், வலிய கார்டையும் எளியதென மயங்கும். இத்தகைய குறைகளைத் திருத்தும் வழிகளை, அவ்விளையாட்டை விரும்புவோர் தாமே கண்டறிந்து, பிறருக்கும் கைம்மாறு கருதாது சொல்லிவருகின்றனர்.

புதியவை பழையவற்றிற்கு இடங்கொடுத்த வரலாறும் உண்டு. விண்டோஸ் 95 உருவாகி வந்த காலத்தில் அதனை ஆக்கியோர் பழைய நிரல்களையெல்லாம் அதில் இயக்கிப் பார்த்தனர். சிம்சிட்டி இயங்காமல் நின்றது. குற்றம் சிம்சிட்டியினுடையது. நினைவகத்தில் தனக்குத் தந்த இடத்தைத் திருப்பிக் கொடுத்த பின்னும், அவ்விடத்திலிருந்தே அது செய்தியைப் படித்தது. குடியிருந்த வீட்டைக் காலி செய்தவர், மறுநாளும் அவ்வீட்டிற்குள் சென்று தம் பொருளை எடுப்பது போன்றது அச்செயல். முந்தைய விண்டோஸில் அவ்விடத்திற்கு வேறு எவரும் உடனே குடிவராமையால் குற்றம் வெளிப்படவில்லை, புதியதில் வெளிப்பட்டது. 'பிழை உன்னுடையது, எனக்கென்ன?' என்று புதிய இயங்குதளத்தை ஆக்கியோர் சொல்லியிருக்கலாம். அவர்கள் அவ்வாறு செய்யவில்லை. இயங்குவது சிம்சிட்டியா என்று பார்த்து, ஆமெனின் நினைவகத்தின் இடத்தை உடனே பிறர்க்கு அளிக்காதிருக்குமாறு அமைத்தனர். ஒரு விளையாட்டின்பொருட்டு ஓர் இயங்குதளம் வழிவிட்டது!

எல்லாவற்றிற்கும் இவ்வாறு வழிவிடுதல் இயலாது. அதனால் வேறு உதவிகள் தோன்றின. 2001ஆம் ஆண்டில் வந்த விண்டோஸ் எக்ஸ்.பி. முதலாக, முந்தைய விண்டோஸைப்போல் நடந்துகொள்ளும் இசைவு முறை ஒன்று அமைந்துள்ளது. விண்டோஸிற்கு முற்பட்ட டாஸ் கால விளையாட்டுகளுக்கு 'டாஸ்பாக்ஸ்' என்னும் நிரல் துணைநிற்கின்றது. 2002ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளிவந்த அது, புதிய பொறிக்குள்ளேயே ஒரு பழைய பொறியைப் பாவனையாகப் படைத்துக் காட்டும். வேகத்தையும் வேண்டுமளவு குறைக்கும். நகரத்தைப் பாவனை செய்யும் விளையாட்டிற்காகப் பொறியையே பாவனை செய்தல் எத்துணை நுட்பம்!

ஆதலின் ஆராயும் முறை இதுவாகும். முதலில் விளையாட்டு பிறந்த ஆண்டையும், அது எந்த இயங்குதளத்திற்காக எழுதப்பட்டது என்பதையும் அறிதல் வேண்டும். இரண்டாவதாக, உறையின்மேல் எழுதிய தேவையைப் பொறியின் வலிமையோடு உறுப்பு உறுப்பாக ஒப்பிடுதல் வேண்டும். மூன்றாவதாக, குறுந்தட்டின் பூட்டு, அதனைப் படிக்கும் கருவி, 16 பிட் நிரல் ஆகிய தடைகள் உளவோ என்று பார்த்தல் வேண்டும். நான்காவதாக, புதுப்பிக்கப்பட்ட பதிப்பு உண்டா என்று தேடுதல் வேண்டும். இவை நான்கும் செய்த பின்னரே பணப்பையைத் திறத்தல் அறிவுடைமை.

ஒரு விளையாட்டிற்காக இத்துணை முயற்சி வேண்டுமா என்று வினவுவோர் இருக்கலாம். அவர்கள் ஓலைச்சுவடிகளை எண்ணிப் பார்த்தல் வேண்டும். படியெடுக்கப்பெற்ற சுவடி வாழ்ந்தது. படியெடுக்கப்பெறாதது செல்லுக்கு இரையாயிற்று. கணிப்பொறி நூல்களின் நிலையும் அதுவே. 2010ஆம் ஆண்டிற்கு முன் அமெரிக்க நாட்டில் வெளிவந்த விளையாட்டுகளுள் 87 விழுக்காடு இப்போது கடையில் கிடைப்பதில்லை என்று, விளையாட்டு வரலாற்றைப் பேணும் அமைப்பொன்று 2023ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு கூறுகின்றது. ஓலையைச் செல் அரித்தது. இவற்றைக் காலம் அரிக்கின்றது. சிம்சிட்டியோ நற்பேறு பெற்றது. அதன் மூலநிரல் 2008ஆம் ஆண்டில் 'மைக்ரோபோலிஸ்' என்னும் பெயரால் எவரும் படிக்கவும் திருத்தவும் உரிமையளித்து வெளியிடப்பட்டது. ஏழைநாட்டுச் சிறுவர்க்குச் சிறு கணிப்பொறி வழங்கும் திட்டத்திற்கென அஃது அவ்வாறு அளிக்கப்பெற்றது. ஆகவே அந்த நகரம் அழியாது.

வலியது எதையும் தாங்கும் என்று கருதுதல் பேதைமை. பழையது எதற்கும் உதவாது என்று தள்ளுதலும் பேதைமையே. பொறியையும் விளையாட்டையும் அளந்தறிந்து, இரண்டிற்கும் இடையே நிற்கும் தடை யாதெனக் கண்டு, அதனை மட்டும் நீக்குவோர் பொருளையும் காப்பர். பழமையின் பயனையும் துய்ப்பர்.